ஆச்சிக்கு ஏன் ஆள் அடையாளம் தெரியவில்லை?

மறதி நோயில் மூளையின் காவல் அணுக்களுக்கு என்ன பங்கு? அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பார்வை

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் பக்கம் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். "ஆச்சிக்கு இப்பம்லாம் ஆளு அடையாளம் தெரிய மாட்டேங்கு." "நேத்துச் சொன்னத இன்னிக்குக் கேட்டா, நீ எப்பச் சொன்னேங்காவ." "வயசாயிட்டுல்லா, விடு." கடைசி வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடும். மகன் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பார், மகள் சென்னையில். வீட்டில் துணைக்கு இருப்பவரும் இன்னொரு முதியவர்தான். கோயிலுக்குப் போன ஆச்சி திரும்பி வர வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நின்றார் என்று தகவல் வந்த பிறகுதான் 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கார் பிடிப்பார்கள். மறதி தொடங்கி அதற்குள் சில வருடங்கள் ஓடியிருக்கும்.

வயது ஒரு காரணம்தான். ஆனால் வயது மட்டுமே காரணம் என்றால் எழுபதைத் தாண்டிய எல்லோருக்கும் வந்திருக்க வேண்டும். எண்பதிலும் வரப்பில் நடந்து போய், எந்த வயலுக்கு எத்தனை மரக்கால் விதை என்று மனக்கணக்காகச் சொல்கிற பாட்டையாக்கள் இதே ஊரில் இருக்கிறார்கள்.

இந்தியா முழுவதும் 60 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்தப்பட்ட லாசி-டாட் ஆய்வின் கணக்கு 2023-இல் வெளியானது. நூற்றுக்கு 7.4 பேருக்கு டிமென்ஷியா. மொத்தமாகப் பார்த்தால் ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு, நகரத்தைவிடக் கிராமத்துக்கு, படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கு அதிகம் என்கிறது அந்த ஆய்வு. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பீடி சுற்றியும் நாற்று நட்டும் பிள்ளைகளை ஆளாக்கிய, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம்மூர் ஆச்சிதான் கண்முன் வருகிறார்.

டிமென்ஷியா என்பது ஒரே நோயன்று. ரத்தக்குழாய் அடைப்பால் வருவது உண்டு, பார்க்கின்சனோடு சேர்ந்து வருவது உண்டு. அதிகம் பேருக்கு வருவது அல்சைமர் நோய். அந்த அல்சைமர் பற்றிய அறிவியல் கடந்த பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளில் திசை மாறியிருக்கிறது. கெட்டுப்போகிற நரம்பணுவையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது அதன் பக்கத்தில் இருக்கும் வேறொரு அணுவைப் பார்க்கிறார்கள்.

நூறு ஆண்டுகள் கவனிக்கப்படாத அணு

1906 நவம்பர் 3 அன்று ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசினார். ஆகுஸ்டே டேட்டர் என்ற அந்தப் பெண் 51 வயதில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். அவர் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த அல்சைமர், நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டார். வெளியே இருந்தது அமிலாய்டு பீட்டா என்ற புரதம், உள்ளே இருந்தது டௌ என்ற புரதம் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தவை. படிவுகளுக்குப் பக்கத்தில் நரம்பணு அல்லாத அணுக்களும் மாறிப்போயிருந்ததை அவர் குறித்துவைத்திருந்தார். அந்தக் குறிப்பைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

அந்த அணுக்களில் ஒரு வகையைத் தனியாகப் பிரித்து அடையாளம் காட்டியவர் ஸ்பெயின் நாட்டுப் பியோ தெல் ரியோ ஓர்டேகா. வெள்ளி உப்பால் சாயமேற்றும் முறையைக் கொண்டு 1919-இல் அவற்றைக் கண்டு 'மைக்ரோக்ளியா' என்று பெயரிட்டார். மூளையில் உள்ள அணுக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இவை. பிறப்பிலேயே இவை மூளைக்கு வெளியாட்கள். நரம்பணுக்கள் உருவாகும் அடுக்கிலிருந்து இவை வருவதில்லை. கரு வளரத் தொடங்கிய முதல் நாட்களில் கருவை ஒட்டிய மஞ்சள்கருப் பையில் தோன்றி, ரத்தத்தோடு மூளைக்குள் நுழைந்து, அங்கேயே நிலைத்துவிடுகின்றன. எலிகளில் இது 2010-இல் உறுதியானது. ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களுக்கு இவை ஒருவகையில் பங்காளிகள். உடலின் நோயெதிர்ப்புப் படை மூளைக்குள் நிரந்தரமாக நிறுத்தியிருக்கும் பிரிவு என்றும் சொல்லலாம்.

கிருமி வந்தால் மட்டும் விழித்துக்கொள்பவை இவை என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2005-இல் உயிருள்ள எலியின் மூளையை நேரடியாகப் படமெடுத்தபோது அந்த எண்ணம் பொய்த்தது. மைக்ரோக்ளியாவின் மெல்லிய கைகள் ஒரு நொடியும் ஓயவில்லை. நீண்டும் சுருங்கியும் அக்கம்பக்கம் முழுவதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தன.

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்குவது எளிது. நதியுண்ணி, கோடைமேலழகியான், கன்னடியன் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் வாய்க்கால்களில் மடை பார்க்கிறவர் ஒருவர் இருப்பார். தண்ணீர் ஒழுங்காக ஓடும்போது அவர் வேலை செய்வதே கண்ணுக்குத் தெரியாது. நடந்து போவார், பாசியை ஒதுக்குவார், கரையில் நண்டு போட்ட துளையை மிதித்து அடைப்பார். மேலே மழை பெய்து தண்ணீர் வரத்து கூடிவிட்டது என்று சேதி வந்தால் அவருடைய நடையே வேறு. சேதி சரியான நேரத்துக்கு வந்தால் ஊர் தப்பும். வராமல் போனால் அடைப்பு சேர்ந்து கரை உடையும். வெள்ளம் வடிந்த பிறகும் ஷட்டரை மூடாமல் விட்டால் நாற்றெல்லாம் அழுகும். மைக்ரோக்ளியாவும் அப்படித்தான் நல்லது செய்கிறது, அப்படித்தான் கெடுதலும் செய்கிறது. அதற்குச் சேதி வந்து சேரும் வழிதான் ஏற்பி.

ட்ரெம்-2

ஏற்பி என்பது அணுவின் மேல்தோலில் பதிந்திருக்கும் புரதம். வெளியே ஒரு குறிப்பிட்ட பொருள் வந்து அதன்மேல் அமர்ந்தால் உள்ளே வேலை தொடங்கும். மைக்ரோக்ளியாவின் மேல்தோலில் இப்படிப் பல வகை ஏற்பிகள் உண்டு. பாக்டீரியாவை உணர்பவை, இறந்த அணுவின் கொழுப்பை உணர்பவை, எதிர்ப்புப் புரதங்களின் வாலைப் பிடித்துக்கொள்பவை. இவற்றில் இன்று ஆய்வகங்களில் அதிகம் பேசப்படுவது ட்ரெம்-2.

ட்ரெம்-2 கொழுப்புப் பொருள்களை உணர்கிறது. சிதைந்த நரம்பணுவின் சவ்வையும், அமிலாய்டையும், கொழுப்பைச் சுமந்து செல்லும் ஏ.பி.ஓ.இ. புரதத்தையும் அதனால் பிடிக்க முடியும். உள்ளே சேதி சொல்லத்தான் அதனால் தனியாக முடியாது. அதற்கு டாப்-12 என்ற புரதத்தோடு கூட்டுச் சேர்ந்தாக வேண்டும். வெளியே ட்ரெம்-2 எதையாவது பிடித்ததும் உள்ளே டாப்-12-இன் வாலில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. அங்கே சிக் என்ற நொதி வந்து சேர்கிறது. அதன் பிறகு பி.எல்.சி.ஜி-2 முதலான நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன. மைக்ரோக்ளியா அமிலாய்டுப் படிவை நோக்கி நகர்கிறது, அதைச் சுற்றி வளைத்து நெருக்குகிறது, குப்பையை விழுங்குகிறது. அந்த வேலைக்குத் தேவையான சக்தியைத் தயாரிக்கவும், தான் சாகாமல் இருக்கவும் அதற்கு இந்தச் சேதி வேண்டும். 2017-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார், நோயுற்ற எலி மூளையில் மைக்ரோக்ளியா இரண்டு படியாக மாறுகிறது என்று காட்டினார்கள். முதல் படிக்கு ட்ரெம்-2 தேவைப்படவில்லை. அது இல்லாமல் இரண்டாவது படிக்கு ஏற முடியவில்லை.

இதெல்லாம் எலிக் கணக்கு. மனிதரில் ட்ரெம்-2 அறவே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் விடை உண்டு. ஜப்பானில் நாசு, பின்லாந்தில் ஹக்கோலா என்ற இருவர் 1970-களின் தொடக்கத்தில் தனித்தனியே விவரித்த அரிய நோய் அது. இருபதுகளில் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வலி வரும், சின்ன இடறலுக்கே எலும்பு முறியும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்புக்குள் பொந்து பொந்தாகத் தெரியும். முப்பதுகளில் குணம் மாறும், நாற்பதுகளில் முழு டிமென்ஷியா வந்துவிடும். எலும்பையும் மூளையையும் ஒரே நோய் தாக்குவது ஏன் என்பது பெரிய புதிராக இருந்தது. சிலருக்கு டாப்-12 மரபணு பழுதாகியிருப்பது 2000-இலும், வேறு சிலருக்கு ட்ரெம்-2 மரபணு பழுதாகியிருப்பது 2002-இலும் தெரிந்த பிறகுதான் புதிர் விடுபட்டது. எலும்பை அரித்துப் புதுப்பிக்கும் அணுக்களுக்கும் மூளையின் மைக்ரோக்ளியாவுக்கும் இதே சேதிவழிதான் வேண்டும்.

இந்த நோய் வர வேண்டுமானால் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்திருக்க வேண்டும். அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுவது நம் பக்கம் புதிதில்லை. இந்திய மாநிலங்களில் சொந்தத்தில் திருமணம் மிக அதிகமாக நடப்பவற்றில் தமிழ்நாடும் ஒன்று என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நாசு-ஹக்கோலா மிக அரிதானது, பயப்படத் தேவையில்லை. ஆனால் நாற்பது வயதுக்குள் ஒருவர் குணம் மாறி, கணக்கு மறந்து, கைகால் எலும்பும் அடிக்கடி முறிந்தால், அதைச் செய்வினை என்று சொல்லிப் பரிகாரத்துக்கு அலையாமல் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

2013-இல் ட்ரெம்-2 உலகப் புகழ் பெற்றது. லண்டனில் ரீட்டா குரெய்ரோ, ஜான் ஹார்டி குழுவும், ஐஸ்லாந்தில் டிகோட் நிறுவனத்தின் குழுவும் ஒரே சமயத்தில், ஒரே மருத்துவ இதழில் ஒரே முடிவைச் சொன்னார்கள். ட்ரெம்-2 புரதத்தின் 47-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தால், அதுவும் ஒரே ஒரு பிரதியில் மாறியிருந்தாலும், முதுமையில் அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகிறது. ஐரோப்பியரிடமும் அரிதாகவே காணப்படும் மாற்றம் அது. ஆனாலும் அது உணர்த்திய விஷயம் பெரிது. நோயெதிர்ப்பு அணுவின் ஏற்பி ஒன்று கெட்டால் அல்சைமர் வாய்ப்பு கூடுகிறது என்றால், நோயெதிர்ப்பு அணுக்கள் கிளர்வதால் வரும் அழற்சி என்பது நோயின் பின்விளைவு மட்டுமில்லை, காரணங்களில் ஒன்று. 2017-இல் இதன் மறுபக்கமும் தெரிந்தது. அதே சேதிவழியில் கீழே இருக்கும் பி.எல்.சி.ஜி-2-இல் ஒரு சிறு மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் வாய்ப்பு குறைகிறது.

இந்த மரபணுக் கணக்குகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. தாமிரபரணிக் கரை மக்களிடம் எந்த மாற்றம் எவ்வளவு இருக்கிறது என்பதை அவர்களுடைய மரபணுவைப் படித்தால்தான் அறிய முடியும். ஜீனோம் இந்தியா திட்டத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுப்பு படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நல்ல தொடக்கம். 140 கோடிப் பேருக்குப் பத்தாயிரம் என்பது கொஞ்சம்தான்.

அடக்கினால் ஆகவில்லை, தூண்டினாலும் ஆகவில்லை

அழற்சிதான் காரணம் என்றால் அழற்சியைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தால் போதாதா? கனடாவின் பாட்ரிக் மெக்கீர் 1990-லேயே இதைக் கேட்டார். மூட்டுவாதத்துக்கு நெடுங்காலம் வலி மாத்திரை தின்றவர்களிடம் அல்சைமர் குறைவாக இருப்பதுபோல் அவருக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் 2001-இல் பெரிய சோதனை தொடங்கினார்கள். குடும்பத்தில் அல்சைமர் இருந்த, 70 வயதைத் தொட்ட இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு நாப்ராக்சன், செலிகாக்சிப், வெறும் மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். நோய் தடைபடவில்லை. மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரை மறதிக்கும் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சிறுநீரகம் கெடுவதுதான் மிச்சம்.

அடுத்து, தூண்டிப் பார்த்தார்கள். ட்ரெம்-2-ஐப் பிடித்து உசுப்பிவிடும் எதிர்ப்புப் புரத மருந்து ஒன்றை அமெரிக்காவின் அலெக்டர் நிறுவனம் உருவாக்கியது. ஏ.எல்.002 என்று பெயர். ஆரம்பநிலை அல்சைமர் நோயாளிகள் ஏறத்தாழ 380 பேரிடம் சோதித்தார்கள். 2024 நவம்பரில் முடிவு வந்தது. மருந்து ஏற்பியைத் தொட்டதற்கான தடயம் இருந்தது, நோயின் வேகம் குறையவில்லை.

இது மருந்தின் கோளாறா, மருந்து கொடுத்த காலத்தின் கோளாறா என்று இன்னும் வாதம் நடக்கிறது. காலம்தான் என்று நினைக்க எனக்குக் காரணங்கள் உண்டு. அமிலாய்டு சேரும் எலிகளில் ட்ரெம்-2-ஐ நீக்கினால் நிலைமை மோசமாகிறது. டௌ முறுக்கிக்கொள்ளும் எலிகளில் அதே ட்ரெம்-2-ஐ நீக்கினால் நரம்பணுச் சாவு குறைகிறது. மனித மூளையில் முதலில் அமிலாய்டு சேர்கிறது, பல ஆண்டுகள் கழித்தே டௌ பரவுகிறது. அப்படியென்றால் நோயின் முதல் கட்டத்தில் காப்பாற்றும் அதே ஏற்பி பிந்திய கட்டத்தில் கெடுதல் செய்யலாம். நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடும் சந்திப்புகள் விஷயத்திலும் இதே கதை. குழந்தை மூளையில் தேவையில்லாத சந்திப்புகளைக் கத்தரித்துச் சீராக்குவது மைக்ரோக்ளியாதான். அதே கத்தரிப்பு முதுமையில் தவறான நேரத்தில் மறுபடி தொடங்குவதை 2016-இல் பெத் ஸ்டீவன்ஸ் குழுவினர் எலிகளில் காட்டினார்கள். அமிலாய்டுப் படிவு உருவாவதற்கு முன்பே சந்திப்புகள் காணாமல் போயின.

மைக்ரோக்ளியாவை அடக்கிவைக்கும் ஏற்பிகளும் உண்டு. சி.டி.33 அவற்றில் ஒன்று, டிம்-3 இன்னொன்று. இந்தியாவில் பிறந்து ஹார்வர்டில் பணியாற்றும் விஜய் குச்ரூவின் குழு, மைக்ரோக்ளியாவிலிருந்து டிம்-3-ஐ நீக்கினால் எலிகளில் படிவு குறைந்து நினைவு மேம்படுவதாக 2025-இல் அறிவித்தது. எலியில் வென்று மனிதரில் தோற்ற அல்சைமர் மருந்துகள் எத்தனையோ. அதனால் இதற்கு இப்போதே மாலை போட வேண்டாம்.

இன்று அமெரிக்காவில் அனுமதி பெற்று நடப்பில் உள்ள லெக்கானிமாப் மருந்தும் மைக்ரோக்ளியாவை நம்பியே இருக்கிறது. மருந்து அமிலாய்டில் ஒட்டிக்கொள்கிறது. அதன் வாலை மைக்ரோக்ளியாவின் ஏற்பி பிடித்து, படிவோடு சேர்த்து விழுங்குகிறது. 18 மாதத்தில் நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. குணமாகவில்லை, வேகம் குறைந்தது, அவ்வளவுதான். சிலருக்கு மூளை வீக்கமும் சிறு ரத்தக்கசிவும் வருவதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் மருந்துக்கு மட்டும் ஆண்டுக்கு 26,500 டாலர் என்று விலை வைத்தார்கள். ஆரம்பநிலை நோயாளிகளுக்கு மட்டுமே இந்த மருந்து. வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் கட்டத்துக்கு வந்துவிட்ட ஆச்சி, பணம் இருந்தாலும் அந்தக் கட்டத்தைத் தாண்டியவராக இருக்கலாம்.

பாபநாசம் மலையின் பூனைக்காலி

அல்சைமருக்கு அடுத்தபடியாக அதிகம் பேரைப் பிடிக்கும் நரம்புத்தேய்வு நோய் பார்க்கின்சன். நம்மூர்ச் சித்த வைத்தியர்கள் நடுக்குவாதம் என்பார்கள். இந்த நோயின் வரலாற்றில் அம்பைக்கு, அதாவது அம்பாசமுத்திரத்துக்கு, மேலே இருக்கும் மலைக்கும் ஓர் இடம் இருக்கிறது.

பாபநாசம் அணைக்கு மேலே மயிலார், சேர்வலாறு, இஞ்சிக்குழி பக்கம் வாழும் காணிக்காரப் பழங்குடியினர் பூனைக்காலி விதையைத் திரும்பத் திரும்ப வேகவைத்து, நஞ்சு நீக்கித் தின்பது தாவரவியலாளர்கள் பதிவுசெய்த வழக்கம். மேலே பட்டால் அரித்துக் கொல்லும் அதே பூனைக்காலிதான். அதன் விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்து 1937-இல் ஆய்விதழில் எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் எம்.தாமோதரனும் ஆர்.ராமசாமியும். அது எந்த நோய்க்கு மருந்தாகும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. 1957-இல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் அதன் பயனை முயல்களில் காட்டினார். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் பெரிய அளவில் கொடுத்து, உறைந்துபோயிருந்த நோயாளிகளை எழுந்து நடக்கவைத்தார். கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்றுவரை பார்க்கின்சனுக்கு முதல் மருந்து அதுதான்.

இதைப் படித்துவிட்டு நாட்டு மருந்துக்கடைக்குப் போய்ப் பூனைக்காலிப் பொடி வாங்க வேண்டாம். விதைக்கு விதை அளவு மாறும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது அளவை மீறிப் போகும்.

எல்-டோபா மூளையில் ஏற்படும் வேதிப்பொருள் குறையை நிரப்புமே தவிர நரம்பணுச் சாவை நிறுத்தாது. அந்தச் சாவிலும் மைக்ரோக்ளியாவுக்குப் பங்கிருக்கிறது. முன்னே சொன்ன மெக்கீர் குழுதான் 1988-இல் பார்க்கின்சன் நோயாளிகளின் நடுமூளையில், நரம்பணு செத்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே, கிளர்ந்த மைக்ரோக்ளியாவைக் கண்டது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆய்வு செய்த அனுமந்த காந்தசாமியின் குழு 2019-இல் அதன் வழியைத் தெளிவாக்கியது. பார்க்கின்சனில் திரளும் ஆல்ஃபா-சினூக்ளின் புரதத்தை மைக்ரோக்ளியா சி.டி.36 என்ற ஏற்பியின் துணையோடு உள்ளே இழுக்கிறது. ஃபின் என்ற நொதி சேதியை உள்ளே கடத்துகிறது. கடைசியில் என்.எல்.ஆர்.பி-3 என்ற கூட்டமைப்பு கிளர்ந்து, அழற்சிப் பொருள்களைக் கொட்டுகிறது.

கலிஃபோர்னியாவில் 1980-களில் கலப்பட போதைமருந்து ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்களுக்கு ஒரே வாரத்தில் பார்க்கின்சன் வந்தது. எம்.பி.டி.பி. என்ற நஞ்சு காரணம். அவர்களில் மூவர் 3 முதல் 16 ஆண்டுகள் கழித்து இறந்தபோது வில்லியம் லாங்ஸ்டன் அவர்களுடைய மூளையைப் பார்த்தார். நஞ்சு எப்போதோ போய்விட்டது, மைக்ரோக்ளியா இன்னும் கிளர்ந்தே இருந்தது. அந்த நஞ்சு உடலில் மாறிக் கிடைக்கும் பொருளும் பாராகுவாட் என்ற களைக்கொல்லியும் வேதி அமைப்பில் நெருங்கியவை. பாராகுவாட் அடிக்கிறவர்களிடம் பார்க்கின்சன் கூடுதலாகக் காணப்படுவதை வெளிநாட்டு ஆய்வுகள் சுட்டுகின்றன. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அதற்குத் தடை இருக்கிறது. இந்தப் பக்கம் வாழைத்தோட்டத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையுறை இல்லாமல் களைக்கொல்லி அடிக்கிற காட்சி சாதாரணம். வேளாண்மைத் துறைக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

உடம்பு கெட்டால் மூளைக்கும் சேதி போகும்

வீட்டில் மறதி உள்ள பெரியவரை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் நேரடியாகப் பயன்படும். உடலில் எங்கோ தொற்று என்றாலும் அதன் சேதி ரத்தத்தின் வழியே மூளையின் மைக்ரோக்ளியாவுக்குப் போய்ச் சேர்கிறது. முதுமையிலோ நோயிலோ ஏற்கெனவே பாதி கிளர்ந்திருக்கும் மைக்ரோக்ளியா அப்போது அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுகிறது. இங்கிலாந்தில் அல்சைமர் நோயாளிகள் முந்நூறு பேரை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். நெஞ்சுச் சளி, சிறுநீர்த் தொற்று போன்றவை வந்தவர்களுக்கு நினைவு இரு மடங்கு வேகத்தில் சரிந்தது. முடிவு வெளியானது 2009-இல்.

நேற்றுவரை ஓரளவு நன்றாக இருந்தவர் ஒரே நாளில் ராத்திரியெல்லாம் உளறி, ஆளைத் தெரியாமல் கத்தினால் அது மறதி நோய் முற்றியதாக இருக்க வேண்டியதில்லை. காய்ச்சலே இல்லாத சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். அன்றைக்கே சிறுநீர், ரத்தம், சர்க்கரை பார்த்தால் பலர் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துப் படுக்கவைப்பது தப்பு.

இன்னொரு செய்தி, வேல்ஸ் நாட்டிலிருந்து. அக்கி அம்மைக்கான தடுப்பூசித் திட்டத்தை அங்கே தொடங்கியபோது 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மட்டும் ஊசி என்று விதி வைத்தார்கள். ஒரு வாரம் முன்னே பின்னே பிறந்தவர்களை ஒப்பிட இயற்கையாகவே ஒரு வாய்ப்பு கிடைத்தது. ஊசி போட்டவர்களிடம் ஏழு ஆண்டுகளில் புதிதாக டிமென்ஷியா வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். நோயெதிர்ப்பும் மறதியும் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு இது மக்கள்தொகை அளவிலான சான்று.

2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, குடி, கெட்ட கொழுப்பு எல்லாம் அதில் உண்டு. நம் வீடுகளில் யாரும் யோசிக்காத இரண்டும் உண்டு: கேளாத காது, தெரியாத கண். கண்புரை அறுவைக்கு நம் மாவட்டத்தில் வசதி நிறையவே இருக்கிறது. காது கேட்கும் கருவியைத்தான் கௌரவக் குறைவு என்று ஒதுக்குகிறோம்.

அம்பையில் என்ன செய்யலாம்?

பார்த்தவரை அறிவியல் சொல்வது ஒன்றுதான். மைக்ரோக்ளியாவின் ஏற்பியைத் தொடும் எந்த மருந்து நாளை வந்தாலும், அது ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டவருக்கே பயன்படும். 2025 மே மாதம் அமெரிக்காவில் டௌ புரதத்தின் ஒரு வடிவத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. ஆரம்பத்தில் கண்டுபிடிக்கும் கருவி வந்துகொண்டிருக்கிறது. கண்டுபிடிக்க ஆளும் ஏற்பாடும் நம்மிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் பெண் பணியாளர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்களிடம் இன்னும் நாலு கேள்வி கொடுத்தால் போதும். இன்று என்ன கிழமை, மூன்று பொருளின் பெயர் சொல்லிக் கொஞ்சம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வது, வீட்டாரிடம் சமையலிலும் பணக் கணக்கிலும் தடுமாற்றம் உண்டா என்று கேட்பது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்தும் கேள்விகள் வேண்டும். அந்த வேலையைத் தமிழ்நாட்டில் முன்பே செய்திருக்கிறார்கள். 1998-இல் கொச்சியில் உருவான 10/66 டிமென்ஷியா ஆய்வுக் குழு, படிப்பறிவு குறைந்தவர்களுக்கேற்ற முறைகளைச் சென்னையிலும் வேலூரிலும் பயன்படுத்தியிருக்கிறது. கேரளம் 'ஓர்மத்தோணி' என்று மறதிக்கென்றே அரசுத் திட்டம் வைத்திருக்கிறது. சென்னை கிண்டியில் 2024-இல் முதியோருக்கென்று தேசிய மையம் திறந்தார்கள். அதுவும் நல்லதுதான். அம்பையிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம்.

வட்ட அளவிலான அரசு மருத்துவமனையில் மாதம் ஒருநாள் மறதிக்கான சிறப்புப் பிரிவு நடத்த மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் போதும். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். மறதியோடு வருகிற எல்லோருக்கும் அல்சைமர் இருக்காது. பி-12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து மண்டைக்குள் மெதுவாகச் சேர்ந்த ரத்தக்கட்டு ஆகியவையும் மறதியாகவே வரும். இவற்றுக்கு மருந்தோ அறுவையோ இன்றைக்கே இருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவரையும் 'வயசாயிட்டு' என்று வீட்டோடு விட்டுவைத்திருந்தால், அதற்கு எந்த ஏற்பியையும் குறைசொல்ல முடியாது.

மக்களைத் தேடி மருத்துவத்தின் படிவத்தில் மறதிக்கும் ஒரு கட்டம் சேர்க்கச் சுகாதாரத் துறை முன்வர வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் திரும்பிப் போகும் முன் ஆச்சியையோ தாத்தாவையோ பக்கத்தில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுங்கள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், பழகிய பாதை தடுமாறுகிறது, பணக் கணக்கு பிசகுகிறது என்று தெரிந்தால் ரயில் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பி-12, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.